நிற்கக் கூடியவருக்கு நாடா இல்லை

சேக்காட்டில் இரயில் பாதையை ஒட்டியிருக்கும் தனியார் மருத்துவமனை ஒன்றில், காலை ஏழு மணிக்குக் கெங்கம்மாள் அலமாரியின் அடித்தட்டைத் திறப்பாள். பழந்துணியில் சுற்றிவைத்த ஐந்து கிலோ இரும்பு எடைக்கல்லை இரு கைகளாலும் எடுத்து எடை இயந்திரத்தின் நடுவில் வைப்பாள். முகப்பில் ஐந்து என்று சுத்தமாக வந்தால்தான் முதல் நோயாளிக்கு ஏற அனுமதி உண்டு. நூறு கிராம் கூடினாலும் குறைந்தாலும் இயந்திரத்தை நகர்த்தித் தரையைத் துடைத்து மறுபடியும் வைப்பாள். சந்நிதி திறக்குமுன் விளக்கைத் துலக்குபவளின் பக்தி அந்நேரத்தில் அவள் முகத்தில் இருக்கும். அப்படிச் செய்யும்படி அவளுக்கு எவரும் கட்டளை இட்டதில்லை. பூந்தமல்லியில் மூடப்பட்ட ஒரு காய்கறிக் கடையிலிருந்து அந்தக் கல்லை அவளே கேட்டு வாங்கி வந்தாள்.

அவளுடைய குடும்பம் செம்பரம்பாக்கம் ஏரியின் கீழ் பிறர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். வயல்கள் கிடங்குகளானபோது நிலத்துக்கு உரியவர்கள் மாடி வீடு கட்டினார்கள்; நட்டவர்கள் கையில் துடைப்பம் வந்து சேர்ந்தது. கெங்கம்மாளும் அந்த மருத்துவமனைக்குத் துடைப்பத்தோடுதான் வந்தாள். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள், கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தவள் காதில் ஓர் உரையாடல் விழுந்தது. செவிலி ஒருத்தி படுக்கையில் இருந்தவரிடம் எடை எவ்வளவு என்று கேட்டாள். அவர் அறுபது என்றார். செவிலி அறுபது என்று எழுதிக்கொண்டு போனாள். கெங்கம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்தப் பக்கம் வந்த மருத்துவரிடம், அந்த மனிதர் அறுபது இருக்க வழியே இல்லை என்று சொன்னாள். ஏற்றிப் பார்த்தார்கள். நாற்பத்தெட்டு. அன்றைய மருந்தின் அளவே மாறிற்று. மறுவாரத்திலிருந்து எடை பார்க்கும் வேலை அவளுக்கு வந்தது.

அதிலிருந்து அவளுக்கு ஒரு கொள்கை பிடிபட்டது. மனிதர்கள் தம் உடம்பைப் பற்றிச் சொல்வது எதையும் நம்பலாகாது. மெலிந்தவன் மானத்துக்காகக் கூட்டிச் சொல்வான். பருத்தவள் வெட்கத்துக்காகக் குறைத்துச் சொல்வாள். இயந்திரத்துக்கு மானமும் இல்லை, வெட்கமும் இல்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு கோவையிலிருந்து ஸ்வாதி என்னும் இளம்பெண் உணவியல் நிபுணராக வந்து சேர்ந்தாள். அவள் வந்தபின் வெறும் எடை போதாதென்று ஊட்டச்சத்து மதிப்பீட்டுத் தாள் ஒன்று நடைமுறைக்கு வந்தது. உயரம், எடை, ஆறு மாதத்தில் குறைந்த எடை, சரியாகச் சாப்பிடாத நாட்கள் என்று அதில் வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. எழுந்து நிற்க முடியாதவர்களுக்கு மட்டும் வேறு முறை. இடது தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவே புள்ளி வைத்து, மேல்கையின் சுற்றளவை நாடாவால் அளக்க வேண்டும். கையில் உள்ள சதை மனிதனின் ஊட்டத்தைச் சொல்லிவிடும் என்று ஸ்வாதி விளக்கினாள். இருபத்து மூன்றரை சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும். நிற்பவருக்கு நாடா வேண்டாம், நேரம் வீண் என்றும் சொன்னாள்.

தாளின் கீழ்மூலையில் இன்னொரு சிறு கட்டம் இருந்தது. 'வீக்கம்: உண்டு / இல்லை. மருத்துவர் நிரப்புக' என்று அதில் அச்சிட்டிருந்தது. நான்கு ஆண்டுகளில் கெங்கம்மாள் கையால் நிரப்பிய தாள்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்தக் கட்டத்தில் ஒரு கோடு விழுந்து அவள் பார்த்ததில்லை. அது தன் வேலை அன்று என்பதால் அதைப் பற்றி அவள் எண்ணியதும் இல்லை.

அவள் கணவன் துலுக்கானம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் முப்பது ஆண்டுகளாகக் கடைசல் இயந்திரத்தின் முன் நின்றவன். வாயில் புகையிலைகூடப் போட்டதில்லை. ஆண்டுதோறும் மாலை போட்டுத் திருத்தணிக்கு நடந்து போவான். அவனுக்கு இருந்த ஒரே ஆசை சோறு. கறிக்குழம்பு வைத்த நாளில் சட்டியை வழித்த கையோடு எழுந்து வருவான். வயிறு முன்னால் தொங்கும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவனுக்குச் சர்க்கரையும், ஈரலில் கொழுப்பும் இருப்பது தெரிந்தது. அப்போது எண்பத்து நான்கு கிலோ. எழுபதுக்குக் கொண்டுவர வேண்டும் என்றார் மருத்துவர்.

கெங்கம்மாள் கொண்டுவந்தாள். ஞாயிறுதோறும் காலையில், கூட்டம் வருமுன், துலுக்கானம் சைக்கிளில் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். வெறும் வயிறு, சட்டை கூடாது, சாவியும் கைப்பேசியும் மேசைமேல் இருக்க வேண்டும். லுங்கிக்கு முந்நூறு கிராம் கழித்துக்கொள்வாள். ஒன்றரை ஆண்டில் எழுபது வந்தது. ஸ்வாதி மற்ற நோயாளிகளிடம் அவனை எடுத்துக்காட்டாகச் சொல்லும்போது கெங்கம்மாள் கேட்காதவள்போல் தாள்களை அடுக்கிக்கொண்டிருப்பாள்.

எழுபது பிறகு அறுபத்து நான்கு ஆயிற்று. அதையும் அவள் தன் வெற்றியாகவே கொண்டாள்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்துக்குப் பிறகு எண் மேலே திரும்பியது. அறுபத்தைந்து, அறுபத்தேழு என்று வந்தது. எடைக்கல்லை வைத்துச் சோதித்தாள். இயந்திரம் சரியாக இருந்தது. அப்படியானால் மனிதன் சரியாக இல்லை. வீட்டில் தான் அளந்து போடும் சோற்றுக்கு இவ்வளவு ஏறாது. எங்கோ வெளியில் தின்கிறான் என்று முடிவு கட்டினாள். முதலில் மாலை நேரத்து முறுக்கை நிறுத்தினாள். பிறகு அவித்த முட்டையை நிறுத்தினாள். அறுபத்தொன்பது வந்தபோது சோற்றில் பாதியைக் குறைத்தாள்.

துலுக்கானம் முதலில் சிரித்தான். பிறகு சத்தியம் செய்தான். ஒரு ஞாயிறு இயந்திரத்திலிருந்து இறங்காமலே நின்று, "நான் வெளிய ஒண்ணும் துன்னல கெங்கா. இருக்கற சோறே எறங்க மாட்டேங்குது. ரெண்டு வாய்ல வவுறு ரொம்பிப் போவுது," என்றான்.

"அப்பறம் எப்டியா ஏறுது? காத்து குடிச்சா ஏறும்?"

"எனக்கு இன்னா தெரியும்? நீதான் டாக்டருக்கு மேல படிச்சவளாச்சே."

"நீ பொய் சொல்லுவ. மிசினு பொய் சொல்லாது. எறங்கு."

அவன் இறங்கினான். இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டதை அவள் பார்த்தாள். வயதாகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அவன் பேச்சை நம்பாமல், ஒரு வியாழக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துத் தொழிற்பேட்டைக்கே போனாள். பட்டறை வாசலில் இருக்கும் டீக்கடை அப்துல் ரசாக்குடையது. பரோட்டாவும் முட்டை தோசையும் அங்கே கிடைக்கும். தன் கணவன் அங்கே என்னென்ன சாப்பிடுகிறான் என்று நேராகவே கேட்டாள். ரசாக் தோசைக்கல்லைச் சுரண்டிக்கொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தார். துலுக்கானம் அண்ணன் சர்க்கரை போடாத டீ ஒன்று குடிப்பார், அதிலும் பாதியை வைத்துவிட்டுப் போவார், கூட வைக்கிற பிஸ்கோத்தை நாய்க்குப் போட்டுவிடுவார் என்றார். பிறகு தயங்கி, "தப்பா நெனைக்காதம்மா. ஊட்டுல சோறு போடறியா இல்லியா?" என்று கேட்டார்.

கெங்கம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆண்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் காட்டிக் கொடுக்க மாட்டார்கள் என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தாள். அன்று மாலை சோற்றுப் பானையைப் பலகைமேல் ஏற்றி வைத்தாள்; அது அவன் கைக்கு எட்டாத உயரமல்ல, ஆனால் எட்டி எடுத்தால் தெரிந்துவிடும் உயரம்.

மகள் அருள்மொழி நெமிலிச்சேரியில் வாழ்க்கைப்பட்டவள். தீபாவளிக்கு வந்தவள் தந்தையைக் கண்டு திடுக்கிட்டாள். அவன் கைக்கடிகாரம் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைவரை ஏறி இறங்கியது. கழுத்து எலும்புகளுக்கு மேல் இரண்டு குழிகள் விழுந்திருந்தன. அவள் தாயை அடுப்படிக்கு இழுத்துச் சென்று, "எம்மா, நைனா கைய பாத்தியா நீ? என் வளையல மாட்னா சரியா இருக்கும் போல கீது," என்றாள்.

கெங்கம்மாள் அவளுக்கு அந்த வாரத்து எண்ணைச் சொன்னாள். எழுபத்தொன்று. கை மெலிந்தால் என்ன, வயிற்றைப் பார், எல்லாம் அங்கே இறங்கியிருக்கிறது என்றாள். காலும் வீங்கியிருக்கிறதே என்றாள் மகள். முப்பது ஆண்டு நின்று வேலை செய்தவன் கால் வீங்காமல் என்ன செய்யும் என்றாள் தாய். மகள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தாயிடம் ஒரு காரணம் இருந்தது. நோய் என்பது அவ்வளவு காரணங்களுக்கும் நடுவே ஒளிந்துகொள்ள இடம் கண்டிருந்தது.

அவனுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் சோதனையும் இருந்தது. மருத்துவர் தாளைப் பார்ப்பார். தாளில் கெங்கம்மாள் கையெழுத்தில் எண்கள் சீராக ஏறிக்கொண்டிருக்கும். "எடையைக் குறைங்க" என்று தாளிடம் சொல்லிவிட்டு அடுத்தவரை அழைப்பார். அந்த மனிதனின் கணுக்காலில் ஒரு விரலை வைத்து அழுத்திப் பார்க்க அந்த அறையில் எவருக்கும் நேரம் இருந்ததில்லை. கீழ்மூலைக் கட்டம் வெறுமையாகவே இருந்தது.

தை மாதம், எழுபத்திரண்டு கிலோ வந்த மூன்றாம் நாள் காலையில், துலுக்கானம் கழிவறைக்குப் போனவன் எழுந்திருக்க முடியாமல் அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். அக்கம்பக்கத்தார் இருவர் தூக்கினார்கள். வயிறு பானைபோல் பருத்திருந்தும் அவனைத் தூக்கத் தோளைப் பிடித்தவர்கள், எலும்புதான் கைக்கு வந்தது என்று பிற்பாடு சொன்னார்கள். ஆட்டோவில் ஏற்றி அவள் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கே கொண்டு வந்தாள்.

படுக்கையில் சேர்ந்தவுடன் தாள் நிரப்ப வேண்டும். ஸ்வாதி அன்று விடுப்பு. வேறு ஆளில்லாததால் கெங்கம்மாளே நிரப்ப நேர்ந்தது. நோயாளி நிற்க முடியாதவர். அப்படியானால் முறைப்படி நாடா.

சட்டைப் பையிலிருந்து நாடாவை எடுத்தாள். அந்தக் கையை அவள் முப்பத்தோராண்டு அறிவாள். தோள் எலும்பைத் தொட்டாள், முழங்கையைத் தொட்டாள், நடுவில் பேனாவால் புள்ளி வைத்தாள். நாடாவைச் சுற்றினாள். பத்தொன்பது. நாடா முறுக்கிக்கொண்டதென்று எண்ணி அவிழ்த்து மறுபடி சுற்றினாள். பதினெட்டே முக்கால்.

பத்தொன்பது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். ஆவடி இரயில் நிலையத்தின் நடைமேடையில் விழுந்து கிடந்து, யாரோ தூக்கிவந்து சேர்த்தவர்களின் கைகளை அளந்து அந்த எண்ணை அவள் எழுதியிருக்கிறாள். வாய்க்குச் சோறு எட்டாதவர்களின் எண் அது. அந்த எண்ணை அவள் வீட்டுப் பானையே உண்டாக்கியிருந்தது.

துலுக்கானம் கண்ணைத் திறந்தான். வெள்ளைப் பகுதி மஞ்சளாக இருந்தது. "மிசினு இன்னா சொல்லுது கெங்கா?" என்று கேட்டான். குத்தலாகக் கேட்டானா, வழக்கம்போலக் கேட்டானா என்று அவளால் கண்டுகொள்ள முடியவில்லை. இன்றுவரை அவளுக்கு அது விளங்கவில்லை.

நண்பகலில் மருத்துவர் வந்தார். வயிற்றில் ஊசியைச் செருகி நீரை வடித்தார்கள். வெளிர்மஞ்சள் நீர் குழாய்வழி இறங்கி இறங்கி இரண்டு கலங்களை நிறைத்தது. எட்டு லிட்டர். ஈரல் கெட்டுச் சுருங்கிப் பல மாதங்கள் ஆகியிருக்கும் என்றார். எவ்வளவு காலமாகக் குடிக்கிறார் என்றும் கேட்டார். குடித்ததே இல்லை என்றாள். எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்பதுபோல் அவர் தலையசைத்தார். செவிலிகளும் அதே கேள்வியைக் கேட்டார்கள். பக்கத்துப் படுக்கைக்காரனின் தாயும் கேட்டாள். திருத்தணிக்கு நடந்தே போனவன், ஒரு துளி தொடாதவன், பழைய கொழுப்பே ஈரலைக் கெடுத்திருந்தும், அந்த அறையில் குடிகாரனாகவே கிடந்தான்.

பிறகு மருத்துவர் பழைய தாள்களைப் புரட்டினார். "வெயிட்டு நல்லா ஏறிக்கிட்டுதானே வந்திருக்கு? சாப்பாடு நல்லாத்தானே சாப்பிட்டிருக்கார்?" என்றார்.

ஞாயிறுதோறும் லுங்கிக்கு முந்நூறு கிராம் கழித்து, பிசகில்லாமல் அவள் எழுதிய எண்கள் அங்கே வரிசையாக அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன. ஏறியது ஊன் அன்று, நீர். உள்ளே சதை கரைந்த இடத்தையெல்லாம் நீர் வந்து நிறைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த நீரைச் சோறு என்று எண்ணி அவள் சோற்றைக் குறைத்திருக்கிறாள். இந்த நோய்க்காரனுக்கு முட்டையும் பருப்பும் கூடுதலாகத் தந்திருக்க வேண்டும், படுக்கப் போகுமுன்கூட ஏதேனும் உண்ணக் கொடுத்திருக்க வேண்டும் என்று மறுநாள் ஸ்வாதி வந்து விளக்கினாள். விளக்கிக்கொண்டே வந்தவள், கெங்கம்மாளின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்த நீர் வயிற்றிலும் காலிலும் தங்கும், மேல்கைக்கு எளிதில் ஏறாது, அதனால்தான் கை உண்மையைச் சொல்லும் என்பதை மட்டும் கெங்கம்மாள் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"அப்போ நிக்கறவங்களுக்கும் நாடா வெச்சிருந்தா தெரிஞ்சிருக்கும் இல்ல மேடம்?"

ஸ்வாதி கையிலிருந்த தாளை மடித்துக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போனாள்.

அடுத்த நாட்களில் கெங்கம்மாள் முட்டை அவித்துக் கொண்டுவந்தாள். நெய் விட்டுப் பருப்புசாதம் பிசைந்து கொண்டுவந்தாள். துலுக்கானம் அவளுக்காக வாயைத் திறப்பான். ஒரு வாய் இறங்கும், இரண்டாவது கடைவாயில் தங்கிவிடும். ஒன்பதாம் நாள் அவன் அவள் கையைத் தள்ளிவிட்டு, "போறும்மே. அப்பறம் ஏறிடப் போவுது," என்றான். சிரிக்க முயன்றான். பதினோராம் நாள் விடியலில் போய்விட்டான்.

கருமாதியன்று படையலில் அவனுக்குப் பிடித்தவை அனைத்தையும் வைக்க வேண்டும் என்றார்கள் உறவினர். கறிக்குழம்பு, அவித்த முட்டை நான்கு, முறுக்கு, குவித்த சோறு. இலை கொள்ளவில்லை. அருள்மொழி அந்த இலையையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தாள். பழி சொல்லியிருந்தால் கெங்கம்மாளுக்கு அழுவதற்கேனும் ஓர் இடம் கிடைத்திருக்கும்.

அவன் போன பதினெட்டாம் நாள் வேலைக்குத் திரும்பினாள். எடைக்கல்லை வைத்துப் பார்த்தாள். ஐந்து. இயந்திரம் அன்றும் பொய் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவள் நிற்பவருக்கும் நாடா வைக்கத் தொடங்கினாள். உட்காரச் சொல்லி முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். பள்ளம் நின்றால் கீழ்மூலைக் கட்டத்தில் 'உண்டு' என்பதற்கு நேரே கோடு இட்டாள். வரிசை நீண்டது. நோயாளிகள் முணுமுணுத்தார்கள். பத்து நாளில் ஸ்வாதி அழைத்தாள். அவளுக்கும் மேலிருந்து சொல் வந்திருக்க வேண்டும். கண்ணைப் பார்க்காமலே பேசினாள். "அக்கா, அந்தக் கட்டம் டாக்டர் போடுறது. நிக்கிறவங்களுக்கு நாடாவும் வேண்டாம். ஃபார்ம்ல இருக்கிறது மட்டும் போதும்." கெங்கம்மாள் போட்ட கோடுகளின்மேல் சிவப்பு மையால் அடித்திருந்தது.

சென்ற வாரம் ஒரு பெண் தன் கணவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கோமளா என்று பெயர். அம்பத்தூர்ப் பக்கம் ஏற்றுமதித் துணி தைக்கும் ஆலையில் வேலை. கணவன் வயிறு முன்தள்ளி, தோள் ஒடுங்கி, இயந்திரத்தின்மேல் ஏறிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தக் கை சுவரைப் பிடித்த விதத்தைக் கெங்கம்மாள் பார்த்தாள். எண் விழுந்ததும் கோமளா முகம் மலர்ந்தது. "மூணு கிலோ ஏறிக்கீதுக்கா. போன தபா டாக்டரு தேத்தணும்னாரு. நல்ல சேதிதானே?"

கெங்கம்மாள் குனிந்து அவன் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். பள்ளம் அப்படியே நின்றது. "இது சோறு இல்லம்மா. தண்ணி," என்றாள்.

கோமளாவின் முகம் சட்டென மாறிற்று. "இன்னாக்கா வாயி இது? நல்லதே சொல்ல வராதா ஒனக்கு? மிசினு சொல்லுதுல்ல? நீ யாரு அதுக்கு மேல?"

அந்தச் சொற்கள் கெங்கம்மாள் வாயில் பிறந்தவை. பல ஞாயிறுகளாக இதே இயந்திரத்தின் முன்னால் புழங்கியவை. இப்போது வேறொருத்தியிடம் குடியேறி அவளிடமே திரும்பி வந்திருந்தன.

தாளை எடுத்து எடையை எழுதினாள். அறுபத்தெட்டு புள்ளி நான்கு. லுங்கிக்குக் கழித்தாள். கோமளா தாளுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். பின்வரிசையில் யாரோ நேரமாகிறது என்று குரல் கொடுத்தார்கள். இயந்திரத்திலிருந்து இறங்கிய அந்த மனிதன் மட்டும் கெங்கம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் சட்டைப் பையிலிருந்து நாடாவை எடுத்தாள்.

"கைய நீட்டுயா," என்றாள்.

இருபது வந்தது. தனக்கு உரியதல்லாத கீழ்மூலைக் கட்டத்தில், 'உண்டு' என்பதன் பக்கத்தில் அதை எழுதினாள். நாளைக் காலைக்குள் அதன்மேல் சிவப்புக் கோடு விழுந்துவிடும் என்று தெரிந்தே, அழுத்தி எழுதினாள்.